மொட்டை மாடியில் பள்ளிக்கூடம் வைத்தவர்



நம் வளாகத்தைப் புதுப்பிக்கும் வேலை பற்றி இந்தக் காலாண்டு முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். மொட்டை மாடியில் ஜிம் வைப்பதா, நடைபாதை போடுவதா? சமையலறைச் சுவரை எடுத்துவிட்டு ஹாலோடு சேர்க்க அனுமதிக்கலாமா? பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்தவர்களை என்ன செய்வது? கடைசிக் கேள்விக்கு வாட்ஸ்அப் குழுவில் வந்த பதில்களை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். நான் பொறியாளன் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் நமக்கு முன்பே சந்தித்து, சிலவற்றில் ஜெயித்து, சிலவற்றில் நன்றாக அடி வாங்கிய ஒருவர் உண்டு. அவர் பெயர் லெ கோர்பூசியே. சண்டிகர் நகரத்தை வடிவமைத்தவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சண்டிகர் அவர் கதையின் கடைசிப் பகுதிதான். நமக்கு வேண்டிய பகுதி அதற்கு முன்னால் இருக்கிறது.

இயற்பெயர் சார்ல் எதுவார் ழான்னெரே. 1887 அக்டோபர் 6 அன்று, சுவிட்சர்லாந்தில் லா ஷோ தெ ஃபோன் என்ற மலை ஊரில் பிறந்தார். ஊர் முழுக்கக் கைக்கடிகாரத் தொழில். அப்பா கடிகார முகப்புக்கு எனாமல் பூசுகிறவர், அம்மா பியானோ சொல்லிக் கொடுப்பவர், அண்ணன் இசைக் கலைஞர். இவரும் கடிகார உறைகளில் பூவேலை செதுக்கத்தான் கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த ஆசிரியர்தான் கட்டடக் கலைப் பக்கம் திருப்பிவிட்டார். முறையான கட்டடக் கலைப் பட்டம் எதுவும் இவரிடம் கிடையாது. பாரிஸில் பெரே, பெர்லினில் பெரென்ஸ் ஆகியோரின் அலுவலகங்களில் வேலை பார்த்து, ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் படிப்பு.

1907-ல், பத்தொன்பது வயதில், இத்தாலியில் ஃபிளாரன்ஸ் அருகே எமா என்ற இடத்தில் ஒரு துறவி மடத்தைப் பார்த்தார். ஒவ்வொரு துறவிக்கும் தனி அறை, அதை ஒட்டிச் சிறிய சொந்தத் தோட்டம், அங்கிருந்து மலையைப் பார்க்கலாம். கோயில், உணவுக்கூடம் எல்லாம் பொது. தனியாக இருக்க வேண்டியவன் தனியாக இருக்கலாம், கூட்டம் வேண்டியபோது கதவைத் திறந்துகொண்டு வரலாம். இந்த ஏற்பாடு அவர் மனதில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. இன்று விளம்பரங்களில் கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், குழந்தைகள் விளையாடுமிடம் என்று வரிசையாகப் போடுகிறார்களே, அதில் ஒரு பெரிய வேர் அந்த மடத்துக்குப் போகிறது என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

1912-ல் பெற்றோருக்குச் சொந்த ஊரிலேயே ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். வெள்ளை வீடு என்று பெயர். அழகான வீடுதான். ஆனால் செலவு அவர்கள் தகுதிக்கு மேலே போய்விட்டது. அப்பாவின் சேமிப்பு கரைந்து, 1919-ல் நஷ்டத்துக்கு விற்றார்கள். வீட்டுக் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இந்த இடத்தை என்னால் சும்மா தாண்ட முடியவில்லை. பிள்ளையே கட்டுகிறான் என்றாலும் மதிப்பீட்டை எழுதி வாங்க வேண்டும். பின்னால் 1923-24-ல் ஜெனிவா ஏரிக்கரையில் பெற்றோருக்காக இன்னொரு வீடு கட்டினார். அது மிகச் சிறியது, ஆனால் ஏரியைப் பார்த்தபடி 11 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஜன்னல். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா அந்த வீட்டில் 1960 வரை, ஏறக்குறைய நூறு வயது வரை, வாழ்ந்தார். முதல் வீட்டுக் கடனை மகன் அடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

1917-ல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். 1920-ல் ஒரு பத்திரிகை தொடங்கியபோது லெ கோர்பூசியே என்ற புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். அதுவே நிலைத்தது. ஏறத்தாழ அந்தச் சமயத்தில்தான் ஒரு கண் பார்வை போயிற்று. அதன் பிறகு கட்டிய அத்தனையும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக் கட்டியவை. 1922 முதல் சித்தப்பா பெரியப்பா வழித் தம்பியான பியர் ழான்னெரே கூட்டாளி ஆனார். பெயர் எல்லாம் அண்ணனுக்கு, தளத்தில் நின்று வேலையை முடிப்பது தம்பிக்கு என்பது போல அந்தக் கூட்டணி ஓடியது.

அவருடைய யோசனைகள் இன்று நமக்குச் சாதாரணம். சுவர் தாங்க வேண்டாம், கான்கிரீட் தூண் தாங்கட்டும். தூண் தாங்குவதால் உள்ளே எந்தச் சுவரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஜன்னல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை நீளலாம். தரைத்தளத்தைத் தூண்களின் மேல் தூக்கிவிட்டால் கீழே வண்டி நிற்கும். நம் ஸ்டில்ட் பார்க்கிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுக் கூரைக்குப் பதில் தட்டையான மாடி போட்டால் அது தோட்டமாகும். நம் ஊரில் தட்டை மாடி காலங்காலமாக இருக்கிறது, வடகம் காயப்போடவும் கோடையில் படுக்கவும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் மழையும் பனியும் கொட்டும் பிரான்ஸில் அது புரட்சி. புரட்சி ஒழுகவும் செய்தது.

பாரிஸுக்கு வெளியே புவாஸி என்ற ஊரில் சவோய் என்ற குடும்பத்துக்கு 1928-லிருந்து 1931 வரை கட்டிய வீடு உலகப் புகழ் பெற்றது. கட்டடக் கலை மாணவர்கள் எல்லோரும் வரைந்து பழகும் வீடு. ஆனால் குடியேறிய நாளிலிருந்து தண்ணீர். ஹாலில் ஒழுகல், சாய்தளத்தில் ஒழுகல், கராஜ் சுவர் ஊறிப்போயிற்று. சவோய் அம்மையார் வருஷக்கணக்கில் கடிதம் எழுதினார். 1937-ல் வழக்குப் போடுவோம் என்று மிரட்டும் அளவுக்குப் போயிற்று. அதற்குள் போர் வந்து குடும்பம் வீட்டை விட்டுப் போனது. உலகத்திலேயே அழகான வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் என்றாலும், மூன்று தடவை ஆள் அனுப்பியும் ஒழுகல் நிற்காத வீட்டில் படுத்துப் பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். நம் சி பிளாக் மேல்தளத்தில் இருப்பவர்கள் நான் சொல்வதைப் புரிந்துகொள்வார்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பெசாக். போர்தோ நகரம் பக்கத்தில், ஃப்ரூஜெ என்ற சர்க்கரை ஆலை முதலாளி தொழிலாளர்களுக்காக ஒரு குடியிருப்பு கட்டச் சொன்னார். 1926-ல் ஏறக்குறைய ஐம்பது வீடுகள் எழுந்தன. பெட்டி பெட்டியாக, பல வண்ணம் பூசி, நீள ஜன்னலும் திறந்த மாடியுமாக. தண்ணீர் இணைப்பு உள்பட அனுமதிகள் இழுத்தடித்ததால் சில வருஷம் ஆளே இல்லாமல் கிடந்தன. பிறகு ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நீள ஜன்னலை அடைத்துச் சிறிய ஜன்னல் வைத்தார்கள். தட்டை மாடி மேல் ஓட்டுக் கூரை போட்டார்கள். திறந்த மாடியையும் தூண்களுக்கு இடையில் இருந்த வெற்றிடத்தையும் அடைத்து அறையாக்கிக்கொண்டார்கள். முப்பது நாற்பது வருஷத்தில் வடிவமைத்தவரே அடையாளம் காண முடியாத அளவுக்கு மாறிவிட்டது.

1969-ல் பிலிப் பூதோன் என்பவர் அங்கே போய் வீடு வீடாக விசாரித்து ஒரு புத்தகம் எழுதினார். எல்லோரும் அதைத் தோல்வி என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் வேறு மாதிரிப் பார்த்தார். இத்தனை மாற்றங்களைச் செய்ய இடம் கொடுத்ததே அந்த வடிவமைப்பின் பலம் என்றார். தூண் தாங்குகிற வீடு ஆனதால்தான் குடியிருப்பவன் சுவரை இஷ்டப்படி நகர்த்த முடிந்தது. இதில் எனக்கு ஒரு பாதி உடன்பாடுதான். அவை தனித்தனி வாசல் கொண்ட வீடுகள். ஒருவர் ஜன்னலை அடைத்தால் அவர் வீடுதான் இருட்டாகும். நம்மைப் போல ஒருவர் பால்கனித் தரை அடுத்தவர் கூரையாக இருக்கும் இடத்தில், அந்தக் கூடுதல் பாரத்தையும் மழைநீர்க் குழாய் அடைப்பதையும் கீழ்வீட்டுக்காரர் கணக்கில் எழுத முடியாது. பெசாக்கில் பிற்காலத்தில் பல வீடுகளைப் பழைய வடிவத்துக்கே மீட்டுவிட்டார்கள். ஓட்டுக் கூரையை ஒரு தலைமுறை போட்டது, இன்னொரு தலைமுறை பிரித்தது.

உள் அலங்காரத்திலும் அவர் பெயர் பெரிது. படுத்தால் உடம்பின் வளைவுக்குச் சரியாகப் பொருந்தும் அந்தக் குழாய் நாற்காலியைப் பார்த்திருப்பீர்கள், பெரிய ஹோட்டல் வரவேற்பறைகளில் அதன் நகல் கிடக்கும். ஆனால் அதைப் பெரும்பாலும் உருவாக்கியவர் ஷார்லொத் பெரியான் என்ற பெண். 1927-ல் இருபத்து நான்கு வயதில் வேலை கேட்டு வந்தவரை லெ கோர்பூசியே முதலில் ஏளனமாகத் திருப்பி அனுப்பினார். கொஞ்ச நாளில் அந்தப் பெண் செய்த அறைகலனைக் கண்காட்சியில் பார்த்துவிட்டு, தானே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். மதுரைப் பக்கம் சொல்வதுபோல, வாய் கொஞ்சம் நீளம், ஆனால் சரக்கைப் பார்த்தால் அடையாளம் தெரியும் மனிதர்.

நல்ல மனிதர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 1925-ல் பாரிஸின் பழைய பகுதியில் பெரும் பரப்பை இடித்துவிட்டு அறுபது மாடிக் கோபுரங்கள் பதினெட்டு நிறுத்தலாம் என்று திட்டம் போட்டார். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை. போர்க்காலத்தில் ஜெர்மானியர்களோடு ஒத்துப்போன விஷி அரசிடம் வேலை கேட்டு ஒன்றரை வருஷம் அலைந்தார். அயலின் கிரே என்ற பெண் கடற்கரையில் வடிவமைத்த வீட்டின் சுவர்களில், அந்த அம்மையாரின் சம்மதம் இல்லாமல் பெரிய பெரிய ஓவியங்களை வரைந்து வைத்தார். அடுத்தவர் சுவரில் கை வைக்கக் கூடாது என்று எந்தப் பைலாவும் எழுத வேண்டியதில்லை.

பாரிஸில் ஏழைகளுக்கான தங்கும் விடுதி ஒன்றை 1933-ல் முடித்துக் கொடுத்தார். தையல் மெஷின் சிங்கர் குடும்பத்துப் பெண் ஒருவர் கொடுத்த பணம் அதில் உண்டு. தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, திறக்கவே முடியாத கண்ணாடி. இரட்டைக் கண்ணாடி போட்டு, இயந்திரத்தால் உள்ளே குளிர்காற்று அனுப்புவது திட்டம். பணம் போதாமல் ஒற்றைக் கண்ணாடியோடு நிறுத்தி, குளிரூட்டும் இயந்திரத்தையும் விட்டுவிட்டார்கள். முதல் கோடையிலேயே உள்ளே இருந்தவர்கள் வெந்துபோனார்கள். அவர் ஜன்னல் வைக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். கடைசியில் அதிகாரிகள் உத்தரவால் ஜன்னல் வந்தது. போருக்குப் பிறகு வெயில் மறைப்புகளும் வந்தன. நமக்கு வந்திருக்கும் முகப்புக் கண்ணாடிக் கொட்டேஷனில் முதல் தவணைக்குக் கண்ணாடியும் இரண்டாம் தவணைக்கு ஏசியும் என்று பிரித்திருக்கிறார்கள். இரண்டாம் தவணை வராவிட்டால் என்ன என்ற கேள்வியை நான் பொதுக்குழுவில் கேட்கத்தான் போகிறேன்.

அந்தச் சூட்டில் அவர் கற்றுக்கொண்டது வீண் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆழமான கான்கிரீட் தடுப்புகள் வைத்து, கோடைச் சூரியனைத் தடுத்து, குளிர்காலச் சூரியனை உள்ளே விடும் முறையை அதன் பிறகுதான் முழுமையாகக் கையில் எடுத்தார். சண்டிகரின் தலைமைச் செயலகத்திலும் அகமதாபாத் ஆலை அதிபர்கள் சங்கக் கட்டடத்திலும் அதைக் காணலாம். நம் பழைய வீடுகளின் சன்ஷேடுக்கு அண்ணன்.

இனி மார்செய். போரில் வீடிழந்தவர்களுக்காகக் குடியிருப்பு கட்டும்படி பிரெஞ்சு அரசு கேட்டது. 1947 அக்டோபர் 14 அன்று முதல் கல், 1952 அக்டோபர் 14 அன்று திறப்பு விழா. ஒரே கட்டடம். சுமார் 137 மீட்டர் நீளம், 24 மீட்டர் அகலம், 56 மீட்டர் உயரம். 337 வீடுகள், ஏறத்தாழ 1600 பேர் வசிக்க. தனி ஆள் முதல் பெரிய குடும்பம் வரைக்கும் 23 வகை வீடுகள். பாட்டில்களை அடுக்குத் தட்டில் செருகுவதுபோல வீடுகளைக் கான்கிரீட் சட்டத்தில் செருகினார்கள். ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போகாமலிருக்க இடையில் ஈயத் தகடுகள். மேல்வீட்டில் இரவு பதினொரு மணிக்கு மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டுப் படுத்திருப்பவர்களுக்கு இந்த ஈயத் தகடு எத்தனை பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டாம்.

மூன்று தளத்துக்கு ஒரு நடைவழிதான். பெரும்பாலான வீடுகள் இரண்டு தளம். நடைவழி இருக்கும் தளத்தில் பாதி ஆழம், மேலேயோ கீழேயோ உள்ள மற்றத் தளத்தில் கட்டடத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. அதனால் காலையில் கிழக்கு வெயில், மாலையில் மேற்கு வெயில், குறுக்கே காற்று. பொதுவாக ஒரு வீட்டின் அகலம் 3.66 மீட்டர்தான், அதாவது 12 அடி. உயரம் 2.26 மீட்டர். ஆறடி மனிதன் கையைத் தூக்கினால் எட்டும் அளவு என்று கணக்குப் போட்டு வைத்தது. நம் வீட்டில் அந்த உயரத்தில் ஃபேன் மாட்டினால் கையைத் தூக்க முடியாது. ஆனால் ஹாலில் மட்டும் இரண்டு தள உயரம் விட்டிருந்தார். நெருக்கமான அறைகளிலிருந்து திடீரென்று உயரமான இடத்துக்கு வரும்போது வீடே பெரிதாகத் தோன்றும். ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

குழந்தைகளுக்கு இரண்டு ஒடுக்கமான அறைகள், நடுவில் நகரும் தடுப்பு. அந்தத் தடுப்பே கரும்பலகை. இரவில் இழுத்து மூடினால் இரண்டு அறை, பகலில் திறந்தால் விளையாட ஒரு பெரிய அறை. இதைவிடச் செலவில்லாத நல்ல யோசனையை நான் எந்த இன்டீரியர் கொட்டேஷனிலும் பார்த்ததில்லை.

சமையலறைக்கு வருகிறேன். பெரியான் வடிவமைத்தது. சின்னது, நின்ற இடத்திலிருந்து அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் கைக்கு எட்டும். சாப்பாட்டு இடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் சுவர் இல்லை, இரண்டு பக்கமும் திறக்கும் அலமாரி மேடைதான். சமைப்பவர் குடும்பத்தின் பேச்சிலிருந்து ஒதுக்கப்படக் கூடாது என்பது எண்ணம். ஐஸ் பெட்டிக்கு நடைவழிப் பக்கமும் ஒரு கதவு, வெளியிலிருந்தே ஐஸ் நிரப்பிவிட்டுப் போவார்கள். இப்போது நாம் வாசலில் டெலிவரி பெட்டி வைக்கலாமா என்று யோசிக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சமையலறைக்கு வெளிச்சுவரில் ஜன்னல் கிடையாது, புகையை இழுக்கக் குழாய் வழி காற்றோட்டம் கட்டடத்தோடு சேர்த்தே அமைக்கப்பட்டது. சுவரை மட்டும் எடுத்துவிட்டு அந்தக் குழாயை மறந்தால், தாளிக்கும் மணம் படுக்கையறைத் தலையணை வரை போகும்.

பொது வசதிகள்தான் அவருடைய பெருமை. கட்டடத்தின் நடுவில், ஏழாம் எட்டாம் தளங்களில் கடைத்தெரு. மொட்டை மாடியில் மழலையர் பள்ளி, குழந்தைகள் இறங்கி விளையாட ஆழமில்லாத குளம், உடற்பயிற்சிக் கூடம், 300 மீட்டர் ஓட்டப் பாதை. காற்றோட்டக் கூண்டுகள்கூட சிற்பம்போல நிற்கும். ஊரார் அதைப் பைத்தியக்காரன் வீடு என்று கிண்டல் செய்தார்கள். அழகைக் கெடுக்கிறது என்று ஒரு சங்கம் வழக்கே போட்டது, தள்ளுபடியாயிற்று.

இதில் எது தங்கியது, எது போனது என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய கணக்கு. கடைத்தெரு சோபிக்கவில்லை. கீழே தெருவில் கடை இருக்கும்போது ஏழாம் மாடிக்கு வெளியார் ஏறி வருவதில்லை, 1600 பேரை மட்டும் நம்பி ஒரு தெருவே பிழைக்காது. உடற்பயிற்சிக் கூடமும் கடைசியில் கைமாறி, 2013-ல் கலைக்கூடமானது. ஆனால் பள்ளியும் குளமும் மாடியும் பல்லாண்டுகள் நிறைந்திருந்தன. குழந்தை இருக்கும் இடத்துக்குப் பெற்றோர் தினம் இரண்டு தடவை வந்தாக வேண்டும், வந்த இடத்தில் நின்று பேசுவார்கள். 1950-களில் அரசு அந்த வீடுகளைத் தனியாருக்கு விற்றது. அதன் பிறகு நம்மைப் போலவே உரிமையாளர்கள் கூடி, பணம் போட்டு, பராமரித்து வருகிறார்கள். பல வீடுகளில் பழைய சமையலறையைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்காமல் வைத்திருந்தவர்களைத் தேடி இப்போது பார்வையாளர்கள் வருகிறார்கள். 2012-ல் தீ விபத்து ஏற்பட்டுச் சில வீடுகள் சேதமாயின, சரிசெய்தார்கள். 2016-ல் சண்டிகர் தலைமைச் செயலக வளாகம் உள்பட ஏழு நாடுகளில் அவருடைய 17 படைப்புகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மார்செய் கட்டடமும் பெசாக்கும் அதில் உண்டு.

சண்டிகரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1951-ல் முதன்முதலாக வந்தார். நகர வரைபடமும் தலைமைக் கட்டடங்களும் அவருடையவை. ஜனங்கள் குடியிருக்கும் வீடுகளை வடிவமைத்தவர்கள் பெரும்பாலும் பியர் ழான்னெரே, மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ என்ற மூவரும் நம் நாட்டு இளம் பொறியாளர்களும்தான். அண்ணன் வந்து வந்து போக, தம்பி பியர் அங்கேயே ஏறத்தாழ பதினைந்து வருஷம் தங்கினார். இறந்த பின் அவர் அஸ்தி சண்டிகர் சுக்னா ஏரியில்தான் கரைக்கப்பட்டது. அவர் காலத்தில் அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் செய்த நாற்காலிகளைப் பிற்காலத்தில் பழைய சாமானாக ஏலம் விட்டுவிட்டார்கள். அவை வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் போயின. நம் கிளப் ஹவுஸ் பரணில் கிடக்கும் பழைய பிரம்பு நாற்காலிகளை எடைக்குப் போடுவதற்கு முன் செயலாளர் ஒரு தடவை புரட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனை பெரிய கட்டடங்களைக் கட்டியவர் தனக்கென்று கட்டிக்கொண்டது என்ன? பாரிஸில் தான் வடிவமைத்த ஓர் அடுக்குமாடியின் உச்சித் தளங்களில் 1934 முதல் கடைசி வரை குடியிருந்தார். அவரும் ஒரு ஃபிளாட்காரர்தான். விடுமுறைக்கு மத்தியதரைக் கடலோரம் ரொக்ப்ரூன் என்ற ஊரில் ஒரு மரக் குடில். அளவு 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், உயரம் 2.26. ஒரே அறை, கட்டில், மேஜை, கைகழுவும் தொட்டி, மறைவாகக் கழிப்பிடம். சமையலறை கிடையாது, பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு கதவு. மனைவி இவோனுக்காக என்று சொல்லி 1952-ல் கட்டியது. அந்த அம்மாள் 1957-ல் இறந்தார். இருவருக்குமான கல்லறையை அவரே வடிவமைத்து, கடலைப் பார்த்த மலைச்சரிவில் கட்டி வைத்தார்.

1965 ஆகஸ்ட் 27 அன்று, 77 வயதில், அந்தக் குடிலுக்குக் கீழே கடலில் வழக்கம்போல நீந்தப் போனவர் திரும்பவில்லை. பாரிஸில் லூவ்ர் அரண்மனை முற்றத்தில் அரசு மரியாதை நடந்தது. பிறகு ரொக்ப்ரூனுக்குக் கொண்டுவந்து இவோனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.